முறைத் தண்ணீர்

குழாயடியில் பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. ஆள் ஒருவரையும் காணோம்.

பங்குனி வெயிலில் புதுச் சரளைச் சாலையின் ஏற்றத்தை ஒரே மூச்சில் ஏறி வந்த மீனம்மாள், தலையிலிருந்த கட்டுச்சோற்றுக் கூடையை இறக்காமலே நின்று அதைப் பார்த்தாள். குன்றின் மேல் இருக்கும் கரும்பாறைப்பட்டி அவள் பிறந்து வளர்ந்த ஊர். அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த ஊருக்கு ஏறிவர ஒரே வழிதான். பாறையில் கொத்திய படிகள். போன வருஷம் மகள் செவந்தியை அண்ணன் மகனுக்குக் கட்டிக்கொடுத்து, கொண்டுவந்து விட்டபோதுகூட அந்தப் படிகளில்தான் முட்டி வலிக்க ஏறினாள். இப்போது படிகள் இல்லை. வெடி வைத்துப் பாறையைப் பிளந்து, லாரி ஏறும் அகலத்துக்குச் சாலை போட்டிருந்தார்கள். சாலையோரம் மின்சாரக் கம்பங்கள், ஊர் முகப்பில் சிமெண்டுத் தொட்டி, அதன் கீழே பளபளவென்று நாலு குழாய். ஊருக்கு நல்ல காலம் பிறந்திருக்கிறது என்றுதான் யாரும் சொல்வார்கள், அவளும் சொல்லியிருப்பாள். உச்சியில் இருக்கும் சுனைக்குக் குடத்தோடு ஏறி இறங்கியே இடுப்பு தேய்ந்தவள் அவள்.

அந்தப் பாத்திரங்கள்தான் சரியில்லை. ஒரு பித்தளைக் குடம் இல்லை, ஓர் ஈயப் பானை இல்லை. எல்லாம் கொட்டாங்கச்சி, காய்ந்த சுரைக்குடுவை, உடைந்த பானையின் அடிப்பாகம், விளிம்பு சுருண்டுபோன பனையோலைப் பட்டை. குழாயின் வாய்க்கு நேர் கீழே ஒன்று, அதன் பின்னால் ஒன்று என்று தொட்டியைச் சுற்றிக்கொண்டு சாலைச் சரிவுப் பக்கமாகப் போயிற்று அந்த வரிசை. ஏறி வரும்போது இவை சாலையோரத்தில் இருந்தனவா என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை. குளம் வற்றிச் சேறு வெடித்துக் கிடக்கும்போது ஒரு வாடை வருமே, அந்த வாடை அடித்தது. கூடவே பல்லி கொட்டுவதைப் போல ஒரு சத்தம். முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு எண்ண முடியாமல். சுவரே இல்லாத வெட்டவெளியில் பல்லி எங்கிருந்து வந்தது என்று நினைத்தவள், நடையை எட்டிப் போட்டாள்.

அண்ணன் ரெங்கசாமியின் வீட்டில் பட்டப்பகலில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அண்ணன் பெண்டாட்டி பொன்னுத்தாய் செம்பில் தண்ணீரோடு எதிரே வந்தாள். உதடு வெடித்து ஓரங்களில் ரத்தம் காய்ந்திருந்தது.

"வா மீனா. வெயில்ல வந்திருக்க. இந்தா, தண்ணி குடி" என்று நீட்டிய செம்பை, கொடுப்பதற்கு முன்னால் தானே வாயில் வைத்துப் பாதியைக் குடித்துவிட்டாள். பிறகுதான் வெட்கப்பட்டு முந்தானையால் செம்பின் விளிம்பைத் துடைத்தாள். "எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கு. சூடு" என்றாள்.

செவந்தி உள்ளே தண்ணீர்ப் பானையை ஒட்டிப் படுத்திருந்தாள். தலைப்பிரசவம். ஏழாம் மாதமே வளையல் அடுக்கி அழைத்துப் போயிருக்க வேண்டும். மீனம்மாளின் புருஷன் கண்ணுசாமி மாட்டு வண்டியிலிருந்து விழுந்து கால் ஒடிந்து கிடந்ததில் நாள் தள்ளிக்கொண்டே போய், இப்போது ஒன்பதாம் மாதம் நடக்கிறது. ஒன்பது மாத வயிறு இப்படியா இருக்கும்? முகத்தில் பூரிப்பு இல்லை. கன்னம் ஒட்டிக் கண் உள்ளே போயிருந்தது. மீனம்மாள் மகளின் புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது.

"எம்புட்டுக் குடிச்சாலும் அடங்க மாட்டேங்குது ஆத்தா."

"புள்ள புரளுதா?"

செவந்தி ஒரு செம்பு தண்ணீரை மொண்டு குடித்தாள். பிறகு தாயின் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளே மெல்ல ஒன்று அசைந்தது. அசைந்து நின்றுவிட்டது. "தண்ணி போனாத்தான் புரளுது. பெறகு கம்முனு கெடக்கு. திருமயத்து நர்சம்மா மோர் குடிக்கச் சொன்னாக."

"நீ ஒண்ணும் குடிக்க வேணாம். இன்னைக்கே ஒன்னயக் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றாள் மீனம்மாள். பேரனோ பேத்தியோ உயிரோடு தன் மடிக்கு வந்து சேர வேண்டும். அவளுக்கு அன்றைக்கு அந்த ஒரு நினைப்புதான்.

ஆனால் நினைத்த நேரத்துக்குக் கிளம்ப முடிகிறதா? வியாழக்கிழமை, மூன்று மணி வரை ராகுகாலம், பிள்ளைத்தாய்ச்சியை வாசல் தாண்ட வைக்கக் கூடாது. மூன்று மணிக்குப் பார்த்தால் வண்டி இல்லை. ரெங்கசாமி பஞ்சாயத்து மெம்பர். வண்டியைப் பூட்டிக்கொண்டு எங்கோ மீட்டிங்குக்குப் போயிருந்தார். மாப்பிள்ளை நாகராசுதான் ஊர்க் குழாய்க்கு மோட்டார் ஓட்டுகிறவன், அவன் சுனைப் பக்கத்து மோட்டார் கொட்டகையிலேயே கிடந்தான். மீனம்மாள் உட்காருவதும் எழுவதுமாக, வாசலுக்கும் அடுப்படிக்கும் நூறு தடவை நடந்தாள். தெருவில் நடமாட்டமே இல்லை. ஒவ்வொரு வீட்டுக் கதவும் சாத்திக் கிடந்தது. கதவுகளுக்குப் பின்னால் செம்பு பானையில் இடிக்கும் சத்தம் மட்டும் ஓயாமல் கேட்டது.

"மதினி, ஏறி வாரப்பவே கேக்கணும்னு இருந்தேன். அடிவாரத்துல கல்தொட்டியக் காணோமே" என்றாள் பொன்னுத்தாயிடம்.

"அது ரோட்டுக்குச் சல்லியாப் போச்சு."

"அப்ப முறைத் தண்ணி?"

"குழாயே வந்திருச்சு. இனிமே யாரு முறை பாத்துக் குடம் சுமக்குறது?" என்று சொல்லிவிட்டு, பொன்னுத்தாய் பானைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முறைத் தண்ணீர் என்றால் என்னவென்று அந்த ஊரில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். தாது வருஷத்துப் பஞ்சத்தில் கீழே சமவெளி முழுக்கக் காய்ந்தபோது, இந்தக் குன்றின் சுனை மட்டும் வற்றவில்லை. அதைக் கேள்விப்பட்டு ஜனங்கள் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார்கள். ஊர்க்காரர்கள் படியில் முள்ளை வெட்டிப்போட்டு அடைத்தார்கள். தமக்கு வேண்டுமே என்ற பயம். வந்தவர்கள் அடிவாரத்திலேயே உட்கார்ந்தார்கள், பிறகு படுத்தார்கள், எழுந்திருக்கவே இல்லை. அன்றிலிருந்து தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில், முறை போட்டு, நாளுக்கு ஒரு வீடாக ஒரு குடம் சுனைத் தண்ணீரை இறக்கிக்கொண்டு போய் அடிவாரத்துக் கல்தொட்டியில் ஊற்றிவிட்டு வருவார்கள். ஊற்றும்போது, 'இது இன்னார் வீட்டுத் தண்ணி, நாளைக்கு இன்னார் வீடு' என்று உரக்கச் சொல்ல வேண்டும். விடிந்தால் தொட்டி காய்ந்திருக்கும். மீனம்மாளே சிறுமியாக எத்தனையோ தடவை ஊற்றியிருக்கிறாள்.

ஒருமுறை, மழையில் சுனைப்பாதை வழுக்குகிறதென்று ஒருவர் அடிவாரத்து வயல் கிணற்றில் மொண்டு ஊற்றிவிட்டு வந்துவிட்டார். மறுநாள் காலையில் தொட்டியில் தண்ணீர் சொட்டுக் குறையாமல் இருந்தது. அவர் வீட்டுத் தொழுவத்தில் சினைப்பசு வயிறு முதுகோடு ஒட்டிச் செத்துக் கிடந்தது. அதை அவள் தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். இத்தனை வருஷம் மறந்திருந்த அந்தப் பசு, இப்போது பார்த்து நினைவுக்கு வந்து தொலைத்தது.

ரெங்கசாமி வண்டியோடு வந்து சேர மணி ஐந்தரை ஆகிவிட்டது. அடிவாரத்தில் கடைசி பஸ் ஆறரைக்கு. வண்டியில் வைக்கோல் பரப்பி, செவந்தியை ஏற்றி, வழியில் குடிக்க ஒரு பித்தளைக் குடம் நிறையச் சுனைத் தண்ணீரையும் பொன்னுத்தாய் ஏற்றிவிட்டாள். ஏற்றும்போது அதிலும் இரண்டு மடக்குக் குடித்துக்கொண்டாள்.

வண்டி ஊர் முகப்பைத் தாண்டும்போது கம்பங்களில் விளக்கு எரிந்தது. மஞ்சள் வெளிச்சத்தில் குழாயடி வரிசை அப்படியே இருந்தது. அங்கிருந்து சாலையோரமாகவே இறங்கிற்று. வளைவு தாண்டியும் இறங்கிற்று. கொட்டாங்கச்சி, குடுவை, ஓடு, பட்டை. மாடுகள் அந்தப் பக்கம் திரும்பாமல் பாறைச் சுவரை உரசிக்கொண்டு நடந்தன.

"அண்ணே, தொட்டிய ஒடைக்கையில ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலையா?"

"என்னத்தச் சொல்றது? வழியில இருக்குன்னாரு எஞ்சினியரு. ஒரு கல்லுக்காக ரோட்டை வளைக்க முடியுமா?" என்றார் ரெங்கசாமி. ஊருக்கு விளக்கும் குழாயும் கொண்டுவந்த மனிதர். மாலைகூடப் போட்டார்கள். கொஞ்ச தூரம் போனபின், மாடுகளைப் பார்த்துக்கொண்டே, தணிந்த குரலில் சொன்னார். "ஒருத்தரையும் தொந்தரவு பண்றது இல்ல மீனா. கதவைத் தட்டுறது இல்ல. வீட்டுத் தண்ணிதான் கொறையுது. மொதல்ல பானையில கொறைஞ்சுச்சு. இப்ப…" என்று வெடித்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு நிறுத்திவிட்டார்.

முன்பெல்லாம் அவர்களுக்கு வழி அடைத்திருந்தது. வழியைத் திறந்துவிட்டவர் தன் அண்ணன்தான் என்று மீனம்மாளுக்குப் புரிந்தது. ஆத்திரமாக வந்தது. ஆனால் அந்த வறண்ட முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிக் கோபித்துக்கொள்வது?

"ஆத்தா" என்றாள் செவந்தி, வைக்கோலில் ஒருக்களித்துப் படுத்து வெளியே பார்த்தபடி. "யாரு ஆத்தா இம்புட்டுப் பேரு?"

மீனம்மாள் பார்த்தாள். சாலையோரத்தில் கொட்டாங்கச்சிகள்தான் இருந்தன. வேறு ஒன்றும் இல்லை.

"பேசாமப் படு" என்று மகளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அடிவாரத்தில், முன்பு தொட்டி இருந்த இடத்தில் மாடுகள் நின்றுவிட்டன. ரெங்கசாமி தட்டிப் பார்த்தார், வாலை முறுக்கிப் பார்த்தார், ம்ஹும். வாயில் நுரை தள்ளி, நாலு காலும் நடுங்க நின்றன. வாடை மூக்கை அடைத்தது. சத்தம் சுற்றிலும் கேட்டது. பல்லி இல்லை அது. காய்ந்த நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிகிற சத்தம். பத்து நாக்கு. நூறு நாக்கு. மிகப் பக்கத்தில். வண்டிச் சக்கரத்துக்கு அந்தப் பக்கம்.

செவந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினாள். "உள்ள என்னமோ இழுக்குது ஆத்தா. இழுக்குது."

மீனம்மாள் யோசிக்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு குதித்தாள். "எனக்கு வேணும், ஆத்தா, அது எனக்கு வேணும்" என்று செவந்தி கையை நீட்டியது பின்னால் கேட்டது. தொட்டி இருந்த இடத்தில் சரளைதான் கிடந்தது. அதன் மேல் குடத்தைக் கவிழ்த்தாள். பழைய வழக்கம் தானாக வாயில் வந்தது. சொல்ல வேண்டிய இடத்தில் வீட்டின் பெயரைச் சொன்னாள். முப்பது வருஷமாக அவளுக்கு வீடு என்றால் புகுந்த வீடுதான். புருஷன் பெயரைச் சொல்லும் பழக்கம் இல்லாததால் வீட்டுக்கு அடையாளம் சொன்னாள்.

"இது கீரமங்கலம் மேலத்தெரு, வேப்பமரத்து வீட்டுத் தண்ணி. நாளைக்கு…"

நாளைக்கு யார்? முறையே இல்லாத ஊரில் எந்த வீட்டைச் சொல்வது? அவள் திகைத்து நின்றபோது மாடுகள் பெருமூச்சு விட்டு நகர்ந்தன. தண்ணீர் இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது. சத்தம் நின்றிருந்தது. தூரத்தில் பஸ்ஸின் விளக்கு தெரிந்தது. "ஏறு மீனா, பஸ்ஸு வந்திருச்சு" என்று ரெங்கசாமி கத்தினார். ஏறினாள்.

பஸ்ஸில் செவந்தி தாயின் தோளில் சாய்ந்து தூங்கிப் போனாள். திருமயம் வருவதற்குள் பிள்ளை இரண்டு தடவை, மீனம்மாளின் கைக்கே தெரியும்படி, நன்றாக உதைத்தது. மீனம்மாளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிழைத்தோம் என்று நினைத்தாள். புதுக்கோட்டையில் பஸ் மாறி உட்கார்ந்த பிறகுதான், ஜன்னலோரத்தில், தான் சொன்னதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். கீரமங்கலம். மேலத்தெரு. வேப்பமரத்து வீடு. தெரு உட்பட விலாசம் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

மறுநாள் பகல் நல்லபடியாகவே போயிற்று. செவந்தி எழுந்து குளித்தாள், இரண்டு தடவை சோறு கேட்டாள், தண்ணீர் கேட்கவில்லை. காலில் மூங்கில் பத்தை கட்டிக்கொண்டு கூடத்துக் கட்டிலில் கிடந்த கண்ணுசாமி, "பேரன் வந்து என்னயத் தூக்கி நிறுத்தட்டும்" என்று மகளைக் கேலி செய்தார். மீனம்மாளால் மட்டும் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வேப்பமரத்தடிக்குப் போய் நின்று தெருவின் இரு கோடியையும் பார்த்துவிட்டு வருவாள். மறுபடியும் போவாள். சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். இன்றைக்கு ஒரு குடம் ஊற்றி, நாளைக்குக் கரும்பாறைப்பட்டி ரெங்கசாமி வீடு என்று சொல்லிவிட்டால் முறை அங்கேயே திரும்பிப் போய்விடும். அண்ணனை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. இருக்கட்டும், திறந்துவிட்டவர் அவர்தானே. தண்ணீர்தான் இடித்தது. சுனைத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட இங்கே இல்லை. இருந்த ஒரு குடத்தையும் அவளே கவிழ்த்துவிட்டு வந்திருந்தாள்.

விளக்கு வைக்கும் நேரம் வந்தது. செவந்தி கூடத்தில் பாயில் படுத்துக் கண்ணயர்ந்திருந்தாள். மீனம்மாள் கொல்லைக் கிணற்றில் ஒரு குடம் இறைத்தாள். வீட்டுக்குள் ஈரக் காலோடு போக வேண்டாமென்று பக்கச் சந்து வழியாக வாசலுக்கு வந்தாள். வேப்பமரத்தடியில் குடத்தைக் கவிழ்த்தாள். சொல்ல வேண்டியதை ஒரு சொல் பிசகாமல் உரக்கச் சொன்னாள்.

தண்ணீர் உள்ளே இறங்கவில்லை.

ஆறு மாதமாக மழை காணாத மண். அதன் மேல் தண்ணீர் தட்டுத்தட்டாக, வானத்தைக் காட்டிக்கொண்டு, அப்படியே நின்றது. அவள் குனிந்து பார்த்தாள். காத்திருந்தாள். நின்றது.

வாடை வந்தது.

வீட்டுக்குள்ளிருந்து கண்ணுசாமியின் குரல் கேட்டது. சலிப்பான, சாதாரணக் குரல். "ஏன்டி, எதுக்கு வீடு பூராவும் கொட்டாங்கச்சியப் பரப்பி வச்சிருக்க?"

குடம் கை நழுவி உருண்டது. மீனம்மாள் வாசலை ஏறிக் கதவைத் தள்ளினாள். நிலைப்படியை ஒட்டி ஒரு சுரைக்குடுவை. அதன் முன்னால் ஓர் ஓடு. அதன் முன்னால் பனையோலைப் பட்டை. கொட்டாங்கச்சி. கொட்டாங்கச்சி. கட்டிலைச் சுற்றி. கூடத்தின் நடுவில். ஒன்றன் பின் ஒன்றாக. ஒழுங்காக. பாய்வரை.

சத்தம் இல்லை. ஒரு நாக்கும் இப்போது கொட்டவில்லை.

செவந்தி கண் விழித்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. தன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேலை மடிப்பு அங்கே தளர்ந்து தாழ்ந்திருந்தது. அவள் இடுப்பை ஒட்டிப் பாயின் விளிம்பில் இருந்த முதல் கொட்டாங்கச்சி நிறைந்திருந்தது.

மீனம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது காலியாயிற்று. வரிசை முழுவதும், வாசலிலிருந்து பாய்வரை, தரையில் லேசாக உரசி, ஓரிடம் முன்னால் நகர்ந்தது.